மன்றத்துக்கு ஓர் இடம்

கச்சால்,
9-3-1974

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி குழந்தைவேலு வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? போன கப்பலில் நீ அனுப்பிய வடகமும் புளியும் நனையாமல் வந்து சேர்ந்தன. ஆஸ்பத்திரி வேலை எப்போதும் போலத்தான். டாக்டர் சீட்டு எழுதுகிறார், நான் மருந்து கலக்குகிறேன். தோட்டத்தில் ரப்பர் கன்றுகள் என் இடுப்புயரம் வந்துவிட்டன.

இந்தத் தடவை ஒரு காரியம் கேட்கத்தான் எழுதுகிறேன். நான் நடத்தும் கடல்வழி மன்றத்தை, கூட்டமே கூடாத மன்றம் என்று நீ கேலி செய்வாய். உண்மைதான், உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இந்தக் கச்சால் தீவில் ஒருவர் ஒரு கேள்வியை எழுதுவார். அது நீ இருக்கும் போர்ட் பிளேருக்கு வந்து, மற்றத் தீவுக்காரர்கள் எழுதியதோடு சேர்ந்து சைக்ளோஸ்டைல் தாளாகி, ரங்கத், மாயாபந்தர், ஹட்பே என்று நம்மவர்கள் இருக்கும் இடமெல்லாம் போகும். அடுத்த தாளில் யாராவது பதில் எழுதியிருப்பார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பிள்ளைகளோடு இங்கே வந்த மரகதத்துக்கு, மண்டபம் முகாமில் பிரிந்த அண்ணன் ரங்கத்தில் மரம் வெட்டிக்கொண்டிருக்கிறான் என்பது இந்தத் தாளால்தான் தெரிந்தது. அன்றைக்கு அவள் அழுத அழுகையைப் பார்த்த பிறகு, என்னால் இதை விட முடியவில்லை.

இதுவரை உன் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் ஜம்புலிங்கம் ஐயா தாளை அச்சடித்துக் கப்பலேற்றிவந்தார். அவருக்கு மெயின்லாண்டுக்கு மாற்றலாகிவிட்டது. புதிதாக வந்தவர், பள்ளிக்கூடத்து மிஷின் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் என்கிறாராம். அதில் தப்பில்லை. ஆனால் மன்றத்துக்கு இப்போது இருக்க இடமில்லை.

நீதான் நம்பகமான ஓர் இடம் பார்த்துத் தர வேண்டும். மிஷின் இருந்தால் மட்டும் போதாது. கப்பல் நாளைத் தவறவிடாதவராக இருக்க வேண்டும். மழையில் காகிதம் நனையாத இடம் வேண்டும். போன தாளின் பிரதி தொலைந்தால் எடுத்துத் தர ஒரு பிரதி பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜனங்கள் எழுதியதில் கைவைக்கக் கூடாது. மிஷினில் போடும் ஸ்டென்சிலைக் கையால் எழுதும் வேலையை நீயே செய்தால் எனக்கு நிம்மதி. உன்னைப்போல் தப்பில்லாமல் எழுத அங்கே யாருமில்லை.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி,
வேலு

*

கராச்சர்மா,
4-4-1974

அன்புத் தம்பி குழந்தைவேலுவுக்கு, அக்கா நீலாவதியின் ஆசிகள்.

நாங்கள் இருவரும் நலம். உனக்கு மறுபடி மலேரியா வரவில்லையே? மருந்து கலக்குகிறவனே மருந்து சாப்பிட மறப்பான், அதனால் கேட்கிறேன்.

உன் மன்றத்துக்காக ஊரெல்லாம் சுற்றிவிட்டேன். உன் அத்தானுக்கு மெட்ராஸில் ஓர் அச்சகக்காரரைத் தெரியும். அச்சு அழகாக இருக்கும், ஆனால் ஒரு கப்பல் தவறினாலும், பதில் போய்ச் சேர்வதற்குள் கேட்டவன் கேள்வியையே மறந்திருப்பான். அதை விட்டுவிட்டேன்.

பாம்பூஃப்ளாட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்துல் ஜப்பார் பாயிடம் பழைய கை மிஷின் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, சாத்தாமிலிருந்து ஃபெர்ரி ஏறிப் போனேன். மூடிப்போன மரக் கம்பெனி ஒன்றிலிருந்து வாங்கியதாம். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார். மாதா மாதம் தாள் நிற்காமல் வருமா என்று கேட்டேன்.

"நிக்காதுன்னு நான் சொல்லமாட்டேன் தங்கச்சி. பழைய மிஷின், ரோலர் மக்கர் பண்ணும். சமுந்தர்ல அலை சரியில்லன்னா லாஞ்ச் போகாது. நின்னா, நின்னு போச்சுன்னு அன்னிக்கே வந்து சொல்லுவேன். அதான் என்னால ஆகும்" என்றார்.

காகிதத்துக்கும் மைக்கும் ஆகிற செலவை முன்னாலேயே தந்துவிட வேண்டுமாம். சிரிக்கக்கூட இல்லை. இப்படிப் பேசுகிறவரை நம்பி எப்படி ஒப்படைப்பது?

குட்வில் எஸ்டேட்டில் கான்ட்ராக்டர் பழனிசாமி இருக்கிறார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். உன் அத்தானுக்கு வேண்டியவர். நாங்கள் இருக்கும் இந்த வீடும் அவருடையதுதான், கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை இருந்துகொள்ளுங்கள் என்று கொடுத்திருக்கிறார். அவர் ஆபீசில் புது மிஷின் பளபளவென்று நிற்கிறது. நானும் உன் அத்தானும் போய் மன்றத்தைப் பற்றிச் சொன்னதும், "தாளு வர்றது ஒரு மாசங்கூட நிக்காதுங்க அம்மணி, அதுக்கு நான் ஜவாப்தாரி" என்றார். காகிதம், மை, கப்பல் கூலி எல்லாம் அவர் செலவாம். எங்கள் இருவருக்கும் காப்பி வரவழைத்துக் கொடுத்தார்.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. வேளைக்குச் சாப்பிடு.

உன் நலமே நினைக்கும்,
நீலாவதி

*

கச்சால்,
25-4-1974

அன்புள்ள அக்காவுக்கு, வேலுவின் வணக்கம்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன், நம்பு.

நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு ஜப்பார் பாயைத்தான் பிடித்தது. நிற்காது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நின்றுபோனால் அன்றைக்கே சொல்வேன் என்று சொல்ல மனசு வேண்டும். ஹெட்மாஸ்டர் காலத்தில் ஒரு தடவை எங்கள் கட்டு தவறுதலாக வேறு தீவில் இறங்கிவிட்டது. அவருக்குச் சொல்லக் கூச்சம். வரும் வரும் என்று இரண்டு கப்பலுக்கு ஜெட்டியில் போய் நின்றோம்.

பழனிசாமியைப் பற்றித் தப்பாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இங்கே கூலியாட்கள் குடியிருக்கும் லைன்களைக் கட்டியவரும் கிணறு வெட்டியவரும் அவர்தான். ஆனால் மன்றத்துக்கு வருகிற கடிதங்களில் பாதி, லைன் கூரை ஒழுகுகிறது என்றுதான் வருகிறது. அதையெல்லாம் அவர் மிஷினில் எப்படிப் போடுவது? அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

முடிவை உன்னிடமே விடுகிறேன். மழை தொடங்குவதற்குள் ஒரு தாளாவது போய்விட வேண்டும். இங்கே கேட்காத ஆளில்லை.

அத்தானுக்கு என் வணக்கம்.

வேலு

*

கராச்சர்மா,
16-5-1974

தம்பிக்கு,

வேலையைப் பழனிசாமி அவர்களிடமே கொடுத்தாகிவிட்டது. உன் அத்தான் அதுதான் சரி என்றார். எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தோம். ஸ்டென்சில் முழுவதும் நானே எழுதிக் கொடுத்தேன். தாள் இந்தக் கப்பலில் வருகிறது. கட்டுவதும் அனுப்புவதும் அவருடைய ஆபீஸ் ஆட்களே பார்த்துக்கொள்வார்களாம்.

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது.

நீலாவதி

*

கச்சால்,
20-6-1974

அன்புள்ள அக்காவுக்கு,

உன் போன கடிதத்தில் என் மலேரியாவைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. கோபமா என்று நினைத்தேன். நீ நலமாக இருந்தால் போதும்.

தாள் வந்தது. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, மை எங்கும் இழுகவில்லை. ஆனால் நான் அனுப்பிய கடிதங்களில் கூரை ஒழுகுவதாகச் சொன்ன மூன்றும் இல்லை. இடம் போதாமல் நீதான் விட்டாயோ என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அதைப் பேசவும் நேரமில்லை.

மழை பிடித்ததிலிருந்து இங்கே கீழ் லைன் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியுமாக இருக்கிறது. மேல் லைனில் ஒரு பிள்ளைக்குக்கூட இல்லை. மேல் லைன்காரர்கள் ஓடையில் தண்ணீர் எடுக்கிறார்கள். கீழ் லைனுக்குப் புதுக் கிணறு. அந்தக் கிணறு கக்கூஸ் குழிகளுக்குக் கீழே, சரிவில் இருக்கிறது. மழை நீர் குழிகளை நிரப்பி, மண்ணுக்குள்ளேயே இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது. டாக்டரும் போய்ப் பார்த்தார். மேலதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறார். ஆர்டர் வந்தால்தான் கிணற்றை மூட முடியுமாம்.

மரகதத்தின் கடைசிப் பெண் போய்விட்டாள், அக்கா. பேச்சு வர ஆரம்பித்த பிள்ளை. உப்புத் தண்ணீர் ஏற்றிப் பார்த்தோம், தாங்கவில்லை. மரகதம் அழவில்லை. என்னைப் பார்த்து, "தண்ணி நல்லாத்தானேங்க இருந்திச்சு? இனிப்பா இருந்திச்சே" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

கிணறு வெட்டிய பழனிசாமியின் மேஸ்திரி இங்கிருந்து ஹட்பேக்குத்தான் போயிருக்கிறான். அங்கே கூலி லைனில் இதேபோலச் சரிவில் கிணறு வெட்டுவதாக, மருந்துக்கு வந்த ஒரு கூலியாள் சொன்னான். ஹட்பேயில் எனக்கு யாரையும் தெரியாது. அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் கைக்குப் போவது மன்றத் தாள் ஒன்றுதான்.

இதோடு ஓர் அறிவிப்பு வைத்திருக்கிறேன். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், குழிக்குக் கீழே உள்ள கிணற்றை விட்டுவிடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். யார் பெயரும் இல்லை. முதல் பக்கத்தில் போடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

வேலு

*

கச்சால்,
22-7-1974

அக்காவுக்கு,

உனக்கு உடம்பு சரியில்லையா? என் போன கடிதத்துக்குப் பதிலே இல்லை.

மன்றத் தாள் மட்டும் வந்தது. முதல் பக்கத்தைப் பார்த்தேன், கடைசிப் பக்கம்வரை பார்த்தேன். அறிவிப்பு இல்லை. அந்த இடத்தில் பண்டிகைப் பலகாரம் செய்யும் விதம் இருக்கிறது. அது உன் எழுத்தும் இல்லை.

என் கடிதம் உன் கைக்கு வந்ததா? வந்தும் போடவில்லையா? இந்த இரண்டில் எது என்று எனக்குத் தெரிய வேண்டும். ஹட்பேக்கும் இதே தாள்தானே போயிருக்கும்? பலகாரத்தைப் படித்துவிட்டு அந்தத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இங்கே டாக்டர் ஆர்டருக்குக் காத்திராமல் கிணற்றின் மேல் பலகை அடித்து மூடிவிட்டார். என்ன ஆனாலும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். கீழ் லைனில் நோய் குறைந்திருக்கிறது. அதனால் காரணம் இதுதான் என்பதில் இனிச் சந்தேகமில்லை.

இரண்டு வரியாவது எழுது. அத்தானையாவது எழுதச் சொல்.

வேலு

*

மே/பா அப்துல் ஜப்பார் கடை,
பாம்பூஃப்ளாட்,
8-8-1974

என் அன்புத் தம்பி வேலுவுக்கு, அக்கா எழுதுவது.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஜூலையில் ஏன் எழுதவில்லை என்று கேட்காதே. மரகதத்துக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு இரண்டு புடவை அனுப்பியிருக்கிறேன், கொடு.

உன் அறிவிப்பு என் கைக்கு வந்தது. அதை முதல் பக்கத்தில், மற்ற எழுத்தைவிடப் பெரிதாக எழுதித்தான் ஸ்டென்சிலைக் கொடுத்தேன். தாள் கப்பலேறிய பிறகுதான் என் பிரதி எனக்கு வந்தது. பார்த்ததும் நேரே குட்வில் எஸ்டேட்டுக்குப் போனேன். பழனிசாமி ஒளிக்கவில்லை. என்னை உட்காரச் சொல்லிவிட்டு நிதானமாகப் பேசினார்.

"எம் மிஷின், எம் பேப்பர். என்னைத் திட்டி நானே அச்சடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்போணுங்களா அம்மணி?"

திட்டு ஒன்றும் இல்லையே, அவர் பெயரே அதில் இல்லையே, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கத்தானே சொல்லியிருக்கிறது என்றேன்.

"அப்ப கிணத்தப் பத்தி எதுக்கு எழுதோணும்? நாலு பேருக்கு வயிறு சரியில்லைன்னா எம் பொழப்பக் கெடுக்கறதுங்களா?"

ஒரு பிள்ளை இறந்துபோனதைச் சொன்னேன். மழைக்காலத்தில் பிள்ளைகள் இறப்பது புதிதில்லை என்றார். பிறகு, எனக்கு மனக்கஷ்டம் வேண்டாம், வீட்டுக்குப் போய் உன் அத்தானைக் கேட்டுவிட்டு வரச் சொன்னார்.

வீட்டுக்குப் போனேன். உன் அத்தானிடம் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் அறிவிப்பைப் புது ஸ்டென்சிலில் எழுதி எடுத்துக்கொண்டு ஃபெர்ரி ஏறினேன். ஜப்பார் பாய் அறிவிப்பைப் படித்தார், கடையில் நின்ற ஆட்களை அப்புறம் வரச் சொன்னார், மிஷின் மேலிருந்த சாக்கை எடுத்தார். ரோலர் அவர் சொன்னபடியே மக்கர் செய்தது. எழுத்து பாதி கறுப்பு, பாதி சாம்பல். ஆனால் படிக்கலாம். அவர் மனைவி ஜன்னத் பீவியும் நானும் மடித்துக் கட்டினோம். ரங்கத், மாயாபந்தர், கச்சால் கட்டுகளை அவரே கப்பலில் ஏற்றிவிட்டார். ஹட்பே கட்டு அடுத்த படகில் போகிறது.

இனி மன்றத்துக்கும் எனக்கும் மேலே உள்ள விலாசத்துக்கே எழுது. இங்கே காற்று நன்றாக இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு ஃபெர்ரியில் போய் வருவது ஒன்றும் சிரமமில்லை.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

நீலாவதி

*

கச்சால்,
30-8-1974

அன்புள்ள அக்காவுக்கு, உன் தம்பி வேலு.

தாள் வந்தது. மை கையில் ஒட்டுகிறது. இங்கே லைன் லைனாகப் போய் நானே உரக்கப் படித்தேன். மரகதம் புடவைகளை வாங்கிக்கொண்டாள். ஒன்றை உடுத்தியிருந்தாள். கிணற்றை நிரந்தரமாக மூட ஆர்டரும் வந்துவிட்டது.

உன் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். போனேன், எழுதினேன், ஃபெர்ரி ஏறினேன் என்று இருக்கிறது. அத்தானிடம் பேசினேன் என்று ஒரே வரி. அதற்கப்புறம் அவர் பெயரே இல்லை. கராச்சர்மாவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு பஸ்தானே? ஏன் ஃபெர்ரி? நீ எங்கே தங்கியிருக்கிறாய்?

நான் கேட்டதனால்தான் இதெல்லாம் வந்தது. என்னிடம் மறைக்காதே.

ஹட்பேயிலிருந்து ஏதாவது தகவல் உண்டா? அங்கிருந்து வந்த படகுக்காரன், கூலி லைனில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொன்னான். என்ன காய்ச்சல் என்று அவனுக்குத் தெரியவில்லை.

வேலு

*

பாம்பூஃப்ளாட்,
21-9-1974

தம்பி வேலுவுக்கு ஆசிகள்.

நான் நலம். ஜன்னத் பீவி கடைக்குப் பின்னால் இருந்த அறையைக் காலி செய்து கொடுத்திருக்கிறார். மாவும் பருப்பும் வாசனையாக இருக்கிறது. அவர் என்னைத் தனியாகச் சாப்பிட விடுவதில்லை. எனக்கு மீன் வேண்டாம் என்றதால், குழம்பை இரண்டு சட்டியில் வைக்கிறார்.

ஹட்பே விஷயம் நல்லபடியாக இல்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து இறங்கும்போது ஜப்பார் பாய் ஜெட்டியிலேயே நின்றிருந்தார். அவர் அங்கே நின்று நான் பார்த்ததில்லை. "போகல தங்கச்சி. அலை ஜாஸ்தி. டிங்கிப் படகை எறக்க முடியாம லாஞ்ச் திரும்பி வந்திருச்சு. கட்டு நம்ம கடைலதான் கெடக்கு" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். போய்ச் சேர்ந்திருக்கும் என்று அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தோமே.

அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. அடுத்து எந்தப் படகு, யார் போகிறார்கள் என்று விசாரிக்கக் கிளம்பிவிட்டார். நான்கைந்து நாள் கழித்து, கட்டு போய்விட்டது, ஆள் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன் என்று வந்து சொன்னார். தரையில் இறங்கியதா என்று கேட்டேன். அது தெரியாது, தெரிந்தால் சொல்கிறேன் என்றார். அதற்கு மேல் இன்றுவரை ஒன்றும் தெரியவில்லை. பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டே இருக்கிறேன், நினைப்பு அங்கே போய்விடுகிறது.

நீ கேட்ட மற்றதெல்லாம் அப்புறம் எழுதுகிறேன். உன் அத்தான் நலமாக இருப்பார் என்று நினைக்கிறேன். நீ எதையும் உன் மேல் போட்டுக்கொள்ளாதே.

நீலாவதி

*

ஹட்பே கூலி லைன்,
2-10-1974

கடல்வழி மன்றத்து ஆட்களுக்கு, அன்னம்மாள் கும்பிடு.

எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. நான் சொல்லச் சொல்ல வேற ஒருத்தரு எழுதுறாரு. நான் சொன்னத அப்படியே எழுதணும்னு சொல்லியிருக்கேன். நாங்க புதுக்கோட்டைப் பக்கம். கல்லு ஒடைக்க வந்தோம்.

ஒங்க தாளு வந்துச்சு. அதுக்கு முந்தியே இங்க பிள்ளைங்களுக்கு வயித்தால போக ஆரம்பிச்சிருந்துச்சு. காத்துக் கருப்புன்னு வேப்பிலை கட்டிக்கிட்டு இருந்தோம். வேலை நடக்கற எடத்துக்கே வந்து ஒங்க தாளைப் படிச்சாங்க. எங்க கெணறும் நீங்க சொன்ன மாதிரியே பள்ளத்துலதான் இருக்கு. அன்னிக்கே எல்லாரும் போயி அதுல முள்ள வெட்டிப் போட்டுட்டோம். மேஸ்திரி சத்தம் போட்டான். பொம்பளைங்க எல்லாம் கெணத்துக்கிட்ட உக்காந்துட்டோம், போயிட்டான். இப்ப ஓடைக்கு நடந்து போறோம். காய்ச்சித்தான் குடிக்கிறோம். ஒரு பிள்ளை ரொம்ப மோசமா இருந்துச்சு. மத்ததுங்க தேறிடுச்சுங்க. என் பேரனும் கஞ்சி குடிக்கிறான்.

தாளு கொண்டாந்தவரப் பத்திச் சொல்லணும். டிங்கி கரைக்கு வர முடியல. கண்ணாடி போட்ட ஆளு ஒருத்தரு, ஆபீசு சட்டையோட, கட்டைத் தலைமேல வச்சுக்கிட்டு நெஞ்சளவு தண்ணியில நடந்து வந்தாரு. ஒரு அலையில கண்ணாடி போயிருச்சு. கட்டு நனையல. கண்ணாடி இல்லாம தாள மூக்குக்கிட்ட வச்சுக்கிட்டு லைன் லைனா படிச்சாரு. ஒரு எடத்துல மை சரியா விழல. ஐயா, தப்பா படிச்சிறப் போறீங்கன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னதுக்கு, "எழுதினது என் சம்சாரம். அதுல தப்பு இருக்காது" அப்படின்னாரு.

இத எழுத வேணாங்குறாரு. எழுதுங்கன்னு பக்கத்துலேயே உக்காந்திருக்கேன். முந்தாநாளு வந்த லாஞ்சுல அவரு போயிருக்கலாம். அந்த மோசமா இருந்த பிள்ளையையும் அதோட ஆத்தாளையும் ஏத்தி விட்டுட்டு இவரு நின்னுட்டாரு. அடுத்த படகு எப்ப வரும்னு தெரியல. இந்தக் கடுதாசிய மீன் பிடிக்கற ஆளுகிட்ட குடுத்து விடுறோம்.

எல்லாரும் நல்லா இருங்க.

அன்னம்மாள்

*

பாம்பூஃப்ளாட்,
15-10-1974

என் தம்பி வேலுவுக்கு, அக்காவின் அன்பு.

அன்னம்மாளின் கடிதத்தைப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். மூலத்தை நானே வைத்துக்கொண்டேன். பிரித்ததும் எழுத்தைப் பார்த்து, உன் அத்தான்தான் எனக்கு ஏதோ எழுதியிருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். மூன்றாவது வரி படிக்கும்வரை எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜன்னத் பீவி ஓடி வந்து, யார் மௌத்து என்று கேட்டார். அப்படி அழுதிருக்கிறேன்.

இனி உனக்குச் சொல்வதற்கென்ன. அன்றைக்கு வீட்டில் உன் அத்தான், அவர் வீட்டில் இருந்துகொண்டு அவரையே எதிர்த்தால் நாளைக்கு எங்கே போவது என்று கேட்டார். அது பயத்தில் கேட்டது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடிக்க என்னால் முடியவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் வாசல்வரை வந்தார், கூப்பிடவில்லை.

அதற்கப்புறம் பல தடவை, நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து ஃபெர்ரியில் வந்து கடையில் நின்றிருக்கிறார். சாப்பிடுகிறாளா என்று மட்டும் கேட்பாராம். கட்டு திரும்பி வந்ததை அப்படி ஒரு நாள் ஜப்பார் பாய் சொன்னபோது, லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தானே வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நீந்தத் தெரியாத மனுஷன், வேலு.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று ஜப்பார் பாயிடம் சண்டை போட்டேன். "கட்டு போச்சான்னு கேட்டே, போச்சுன்னு சொன்னேன். யாரு கொண்டு போனான்னு நீ கேக்கலியே தங்கச்சி" என்றார். அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

ஹட்பேயிலிருந்து வந்த அந்தப் பிள்ளை இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நேற்றுப் போய்ப் பார்த்தேன். கண் திறந்து பார்க்கிறாள். பிழைத்துவிடுவாள் என்கிறார்கள். உறுதியாகச் சொல்லவில்லை.

கராச்சர்மா வீட்டைப் பூட்டி, சாவியைப் பழனிசாமியிடம் கொடுத்துவிட்டுத்தான் உன் அத்தான் படகேறினாராம். சாமான் எல்லாம் ஜப்பார் பாய் குடோனில் இருக்கிறது. அதையும் இப்போதுதான் சொல்கிறார்கள். இனி எங்கே இருப்போம் என்று தெரியவில்லை. இந்த அறையில் இரண்டு பேர் படுக்க இடமில்லை.

இன்று சாயந்திரம் ஹட்பே லாஞ்ச் வருகிறதாம். வராமலும் போகலாம் என்று பாய் சொல்கிறார். நான் ஜெட்டிக்குக் கிளம்பிவிட்டேன். அவரிடம் என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசிக்க வேண்டும். கண்ணாடி இல்லாமல் படியில் இறங்க அவருக்குத் தடுமாறும். முதலில் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். மரகதத்தை விசாரித்தேன் என்று சொல்.

நீலாவதி